பாட்டுக்குக் கணக்கெழுதும் படிப்பு

இசை வணிகத்தில் முதுகலைப் பட்டம் என்றொரு படிப்பு இருக்கிறது என்பது செட்டியார்பட்டியில் பி.காம். முடித்த பிள்ளைக்கு இப்போது தெரியும். கைபேசியில் விளம்பரம் வருகிறது. லண்டன், நியூயார்க், ஸ்பெயினின் வலென்சியா என்று ஊர்ப்பெயர்கள் வருகின்றன. பாட்டுப் பைத்தியமாகவும் இருந்து, கணக்கும் ஓரளவு வருகிற பிள்ளை என்றால் மனசு அங்கே போகத்தான் செய்யும். வீட்டில் கேட்பது ஒரே கேள்வி: படித்துவிட்டு வந்தால் என்ன வேலை கிடைக்கும்? தளவாய்புரத்தில் நைட்டி தைத்தும், ராஜபாளையத்து மில்லில் ஷிப்டு பார்த்தும் சேர்த்த காசைக் கொடுக்கப்போகிறவர்கள் கேட்கிற கேள்வி. அதற்குப் பொறுப்பான பதில் சொல்லியாக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்புக்குள் இருக்கும் அறிவு தமிழ்நாட்டுப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவசரமாகத் தேவை. அந்தப் பட்டம் மிகச் சிலருக்கு மட்டுமே தேவை. பட்டத்துக்காக ஊரைவிட்டு அனுப்புகிற செலவில் ஒரு பங்கை வைத்தே அந்த அறிவைத் தமிழில் இங்கே கொண்டுவந்துவிட முடியும். அதை நாம் இன்னும் செய்யவில்லை.

இந்தப் படிப்பு அமெரிக்காவில் பிறந்தது. 1960-களில் மயாமி பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெட் ரீட் என்ற இசையமைப்பாளரின் முயற்சியில் இசைத்தொழிலுக்கென்று பட்டப்படிப்பு உருவானது. டொனால்டு பாஸ்மன் என்ற வழக்கறிஞர் இசைத்தொழில் ஒப்பந்தங்களை விளக்கி 1991-ல் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டு, இன்றும் மாணவர்கள் கையில் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகம், லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம், வலென்சியாவில் இருக்கும் பெர்க்லி இசைக் கல்லூரியின் வளாகம் ஆகியவை இதில் முதுகலை நடத்துகின்றன. பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. பதிப்புரிமை, பாடல் பதிப்பகம், கலைஞர் மேலாண்மை, மேடை நிகழ்ச்சி நடத்துதல், சந்தைப்படுத்தல், கேட்போர் தரவுகளைப் படிப்பது, நிதிக்கணக்கு, கடைசியில் ஒரு ஆய்வேடு அல்லது தொழில்திட்டம். பாடவோ வாசிக்கவோ அங்கே சொல்லித்தருவதில்லை. பாட்டு உண்டான பிறகு அதிலிருந்து வரும் காசு யார் யாருக்குப் போக வேண்டும், எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் படிப்பு முழுக்க.

இதில் அடிநாதமான பாடம் உரிமை. ஒரு சினிமாப்பாட்டைச் சட்டம் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. பாடல் வரி ஒரு படைப்பு, மெட்டு இன்னொன்று, ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. இது தெரியாமல்தான் நம் பக்கத்தில் பல பேர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டதுபோல ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு உதாரணம் தேட வெளிநாடு போக வேண்டாம். செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் எட்டயபுரம் ஒருநாள் போக்குவரத்துத்தான். அங்கே பிறந்த பாரதியாரின் பாடல்களைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.மெய்யப்பன் கையில் இருந்தது. 1947-ல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்துக்காக டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் பரவின. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றபோது உரிமைச் சண்டை மூண்டது. பாரதியை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு அதற்கு வழி செய்தது. கவிஞர் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டப்படி இன்னும் காலாவதியாகாத உரிமையை ஓர் அரசு பொதுவுக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி உலகத்திலேயே அபூர்வமானது. வெளிநாட்டு வகுப்பறையில் பாஸ்மனைப் படிக்கிற பிள்ளை இந்த வழக்கைப் படிக்காமல் திரும்பிவருவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாட்டு. ஆனால் இன்று மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் கேட்கிற மெட்டுகள் பலவற்றை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் காலமானது 1967-ல். நம் சட்டம், மெட்டைப் படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு கணக்கிடுகிறது. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் அந்த மெட்டுகள் 2027 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. அவற்றைப் பாடிய இசைத்தட்டுகளின் உரிமைக்காலமோ அவை வெளியான ஆண்டிலிருந்து வேறாக ஓடும். ஒரே பாசுரம், மூன்று காலக்கணக்கு. ஒரு வகுப்பின் முதல் வாரத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சினிமாப் பக்கம் வந்தால் கதை கசப்பாகிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகத் தயாரிப்பாளரிடம் காசு வாங்கி எழுதப்பட்ட பாட்டுக்கும் இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடுகிறவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்ற கவலையைத் தனியாக எழுதிச் சேர்த்தார். பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை வந்தது 1994 திருத்தத்தில். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் ராயல்டியில் சமபங்கு அவர்களுக்கு உண்டு, அந்தப் பங்கை வேண்டாமென்று எழுதி வாங்கினாலும் செல்லாது என்று சொன்னது 2012 திருத்தம். முப்பத்தைந்து வருஷம் பிடித்தது. இடையில் எத்தனை பாடலாசிரியர்கள் வாடகை வீட்டிலேயே இருந்து போனார்கள் என்பது கோடம்பாக்கத்துக்குத் தெரியும்.

இளையராஜா 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸை நாம் இரண்டு நண்பர்களின் மனஸ்தாபமாகப் பேசித் தீர்த்தோம். 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு ஒலித்ததற்காக நோட்டீஸ் போனபோதும் அவருக்குப் பேராசை என்று சிலரும், அவர் கேட்பது நியாயம் என்று சிலரும் டீக்கடையில் பிரிந்து நின்றார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, எந்த ஆண்டின் சட்டம் அதற்குப் பொருந்தும், மெட்டுக்கு உரியவர் யார், ஒலிப்பதிவுக்கு உரியவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. இளையராஜாவின் பாட்டுரிமை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல சுற்று நடந்த வழக்குகளைத் தமிழில் எளிமையாக விளக்கும் ஒரு பாடநூல் நம்மிடம் இருந்திருந்தால் அந்தப் பேச்சின் தரமே மாறியிருக்கும்.

இணைய யுகம் இதையெல்லாம் மாற்றிவிட்டது என்று நம்புகிற பிள்ளைகள் அதிகம். தொழில் வளர்ந்திருப்பது உண்மை. உலகப் பதிவிசைத் தொழிலின் வருமானம் 2024-ல் 2,960 கோடி டாலர் என்று அத்தொழிலின் சர்வதேச அமைப்பு கணக்குக் கொடுத்தது. அதில் ஏறத்தாழ 69 சதவீதம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. அந்தப் பணம் பரவலாக விழுவதில்லை. 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கிடையாது. புகழ்பெற்ற பாட்டுக்குக்கூட நிச்சயமில்லை. 2021-ல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகமெல்லாம் பரவியது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், வீட்டு அறையில் மைக் வைத்துப் பாடுகிற ராஜபாளையத்துப் பையனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு அடையாளக் குறியீடு உண்டு. அதையும், எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் சரியாகப் பதியாவிட்டால் காசு வருகிற வழியே அடைபட்டுவிடும். இது கணக்குப்பிள்ளை வேலைதான். பி.காம். படித்தவருக்குத் தண்ணீர்பட்ட பாடாக வரக்கூடியது.

வெளிநாட்டுப் பாடத்திட்டம் கண்ணெடுத்துப் பார்க்காத ஒரு பெரிய இசைச்சந்தை நம் வாசலில் இருக்கிறது. பங்குனி பிறந்தால் கோவில்களில் பொங்கல், சங்கரன்கோவில் பக்கம் போனால் கொடை, ஆடி முடிகிறவரை ஊர் ஊராகத் திருவிழா. தலைக்கட்டு வரி வசூலித்து விழாக் கமிட்டி செலவு போடுகிறது. நையாண்டி மேளம், கரகாட்டம், வில்லுப்பாட்டு, கடைசி நாள் ஆர்கெஸ்ட்ரா, இவற்றோடு சவுண்ட் சர்வீஸ், சீரியல் லைட். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்தால் ஒப்பந்தம் முடிந்தது. தாள் கிடையாது. ‘செட்’ எனப்படும் குழுவின் தலைவர் அச்சாரத்தை வாங்கி, தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு பிரிக்கிறார். இடையில் ஏஜெண்ட் இருந்தால் அவர் எடுத்ததுபோக மீதி. மழையால் நின்றால் யாருக்கு நஷ்டம், ஊர்த்தகராறில் நின்றால் யாருக்கு நஷ்டம் என்பதெல்லாம் அந்தந்த நேரத்துப் பேச்சு. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது சரியாகப் பங்குனிப் பருவம். வருஷச் சாப்பாட்டைச் சம்பாதிக்கிற மாதங்கள் அப்படியே போயின. எவ்வளவு இழந்தோம் என்று காட்டக் கையில் ஒரு ரசீதுகூட இல்லாத கலைஞர்களே அதிகம்.

இந்தச் சந்தைக்குள்ளும் சட்டம் இருக்கிறது. யாரும் எடுத்துச் சொல்லாததால் அது இல்லாததுபோல இருக்கிறது. சமயச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு இசைப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் இதை மறுபடி தெளிவுபடுத்தியது. ஆகவே கல்யாண மண்டபத்தில் உரிமக் கட்டணம் கேட்டு வருகிறவரிடம் பேசுவதற்கு ஆதாரம் இருக்கிறது. சரி, கோவில் கொடையின் கடைசி இரவில் மேடை போட்டு நடக்கும் ஆர்கெஸ்ட்ரா சமயச் சடங்கில் சேருமா, சேராதா? கரகம் எடுத்து வரும்போது வாசிக்கிற மேளம் சேரும் என்று தயங்காமல் சொல்லலாம். சினிமாப்பாட்டுக் கச்சேரியைப் பற்றி இரண்டு பக்கமும் வாதாட இடமுண்டு. நாட்டார் கலை, செவ்வியல் கலை நிகழ்ச்சிகளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை சரக்கு சேவை வரி விலக்கு உண்டு. ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. கச்சேரி பாதியில் நின்றால் பாக்கிக் காசு யார் தருவது என்ற சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு மனவேதனை தருவது வீடியோ. கொடையில் ஆடுகிற பெண்ணை, வில்லடிக்கிற பெரியவரை யாரோ படம்பிடித்துத் தன் யூடியூப் சேனலில் போடுகிறார். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். விளம்பரக் காசு சேனல்காரருக்குப் போகிறது. ஆடியவருக்கும் பாடியவருக்கும் ஒன்றும் இல்லை. சில சமயம் வீடியோவின் கீழே வரும் அசிங்கமான பின்னூட்டங்கள்தான் மிச்சம். சட்டம் என்ன சொல்கிறது? நிகழ்த்துநர் என்றால் யார் என்று சொல்லும்போது நடிகர், பாடகரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், அந்தப் பதிவைப் பொதுமக்களுக்குக் காட்டவும் அனுமதிக்கிற தனியுரிமை நிகழ்த்துகிறவருக்கே உண்டு. பாட்டு பரம்பரையாக வந்ததாக, யாருக்கும் சொந்தமில்லாததாக இருந்தாலும் இந்த உரிமை குறையாது. அச்சாரம் வாங்கும்போதே, வீடியோ எடுத்தால் என்ன ஏற்பாடு என்று ஒற்றை வரி எழுதி வாங்கினால் போதும், பேசுவதற்குக் கையில் பிடி கிடைக்கும். அந்த ஒற்றை வரியை எழுதித்தர நம் வட்டாரத்தில் படித்த ஆள் இல்லை.

இனி செலவு. லண்டனில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் முப்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். விசாவுக்கு வேண்டிய பணம் வங்கிக் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டும். கல்விக்கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கி ஈடு கேட்கும். ஈடு என்றால் வீட்டுப் பத்திரம். முப்பது லட்சத்தைப் பதினோரு சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை நாற்பதாயிரத்துக்கு மேல் வரும். சென்னையிலோ மும்பையிலோ ஒரு இசை நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிற பையனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும். லண்டனிலேயே வேலை கிடைத்தால் என்று கேட்கலாம். கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொழிலில் ஆள் எடுப்பது பழக்கத்தினாலும் முன் அனுபவத்தினாலும்தான் அதிகம் நடக்கிறது. ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டு ஏதாவது ஒரு லேபிளிலோ, நிகழ்ச்சி நடத்துகிற நிறுவனத்திலோ, உரிமை வழக்குப் பார்க்கிற வக்கீலிடமோ வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தப் பட்டம் பெரிய படிக்கட்டு. கல்லூரி முடித்த கையோடு போகிறவருக்கு அது வீட்டுப் பத்திரத்தை வைத்து ஆடுகிற ஆட்டம். பெற்றோர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன், பிள்ளை கோபித்துக்கொண்டாலும்.

உள்ளூரில் என்ன இருக்கிறது? விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள். 2013-ல் தொடங்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம். 2008-ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை. இவை ஒவ்வொன்றும் தன் வேலையை மதிப்பாகச் செய்கின்றன. அரசு இசைக் கல்லூரிப் பாடங்கள் குரலிசை, வீணை, வயலின், நாதஸ்வரம், தவில், மிருதங்கம் என்று பிரிந்திருக்கின்றன. மூன்று ஆண்டு தவில் கற்று வெளியே வருகிறவருக்கு அச்சாரக் கடிதம் எப்படி எழுதுவது என்று ஒரு வகுப்பாவது வேண்டாமா? வாசிக்கிற கைக்குச் சம்பளம் கேட்கத் தெரியாமல் வைத்திருப்பது கலைக்குச் செய்கிற மரியாதையில்லை.

அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ள விரும்புகிற பிள்ளைக்கு வழிகள் உண்டு. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் அடிப்படைப் பாடம் இணையத்தில் இலவசம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி அறிவுசார் சொத்துரிமையில் தொலைநிலை முதுகலைப் பட்டயம் நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், செலவு வெளிநாட்டுப் படிப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பாட்டு எழுதுகிறவர், இசையமைக்கிறவர், வெளியான பாட்டு கையில் இருந்தால் ஐ.பி.ஆர்.எஸ். எனப்படும் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகலாம்; 1969-ல் தொடங்கிய அந்தச் சங்கம் 2017-ல் புதிய சட்டப்படி மறுபதிவு பெற்றது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் அமைந்த நல வாரியம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் விண்ணப்பம் நிரப்புவதிலேயே பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். நிரப்பித் தருகிற ஒருவர் ஊரில் இருந்தால் அவரே இசை வணிகர்தான்.

தமிழில் ஒரு முதுகலைப் படிப்பு தொடங்குவதானால் அதைச் சென்னையில் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். கோடம்பாக்கம் பக்கத்தில் வைத்தால் சினிமா அதை விழுங்கிவிடும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகமோ, பாளையங்கோட்டையோ, மதுரையோ ஏதாவதொன்று எடுத்துக்கொள்ளட்டும். முதல் பருவத்தில் பதிப்புரிமைச் சட்டமும் ஒப்பந்தம் எழுதுவதும். பாரதி வழக்கும் திருப்பாவை மெட்டும் அங்கே வரும். இரண்டாவதில் ராயல்டிக் கணக்கு, குறியீடுகள், வரி. மூன்றாவது பருவம் பங்குனிக்குச் சரியாக வர வேண்டும்; ஒவ்வொரு மாணவரும் ஒரு செட்டோடு சேர்ந்து ஆடிவரை ஊர் ஊராகப் போக வேண்டும், அச்சாரம் முதல் பங்கு பிரிப்புவரை நோட்டுப் போட வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு நையாண்டி மேளக் குழுவுக்கு எவ்வளவு வந்தது, போக்குவரத்துக்கு எவ்வளவு போனது, ஏஜெண்டுக்கு எவ்வளவு, ஆட்டக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு, தவில்காரருக்கு எவ்வளவு என்று கலைஞர்களின் சம்மதத்தோடு எழுதப்பட்ட ஒரு கணக்கு முதல் ஆய்வேடாகத் தமிழில் அச்சாகி வரட்டும். வில்லுப்பாட்டு வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் நிகழ்த்தியவருக்குப் பங்கு வாங்கித்தர என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது ஆய்வேடு. கொடைக் கச்சேரி 52-ஆம் பிரிவுக்குள் வருமா என்பது மூன்றாவது. அதை எழுதுகிறவர் சட்டம் படித்தவராக இருந்தால் நல்லது, மேளக்காரர் வீட்டுப் பிள்ளையாகவும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது.